ஐந்தாவது கம்பி

போன் அலறியது.

எட்டு முறை அலறி ஓய்ந்தது. மறுபடி அலறியது!

"ஏய் பாலீஷ்! காதுல என்ன ஈயத்தையா காய்ச்சி ஊத்தியிருக்கு? எடு!"

போன் இருந்தது மாஸ்டரின் முழங்கைக்குப் பக்கத்தில். அவள் இருந்தது பட்டறையின் மறுகோடியில். கார் கிரில்லின் கம்பி ஒன்றை மெஷினில் கொடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள், மெஷினை நிறுத்தி, கையைத் துடைத்து, ஓடி வந்தாள்.

பாலீஷ் என்பது அவள் பெயரல்ல. இந்த மனிதருக்கு அவள் கழுத்தை நீட்டிப் பதினாறு வருஷம். ஒரு நாளாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாரா? மூச்!

பழைய கார்களின் முகப்பில் பளபளவென்று வரிசையாகக் கம்பிகள் நிற்குமே, அந்த கிரில்லை நிமிர்த்துவதில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தட்டுவது அவர், தேய்த்து மெருகேற்றுவது அவள். இரண்டு வருஷம் முன்பு மெஷின் அவளுடைய இடது கை விரல் நுனியைக் கடித்துத் துப்பியபோது, மாஸ்டர் பதறிப்போய் ஓடி வந்தார்.

கம்பியில் கீறல் விழுந்துவிட்டதா என்று பார்க்க!

அவள் போனை எடுத்தாள்.

"பல் டாக்டர் பேசறேன். மாஸ்டர் இருக்காரா?"

அவளுக்குத் திக்கென்றது. இரண்டு நாள் முன்பு, பத்தாம் தேதி காலையில், வாக்கிங் போன பல் டாக்டரின் மனைவியை ஏதோ ஒரு வண்டி அடித்துக் கொன்றுவிட்டுப் பறந்திருந்தது. என்ன வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. பேப்பரில் போட்டோவோடு வந்திருந்தது.

"டாக்டர்... உங்க வீட்டம்மா விஷயம் படிச்சேன். ரொம்பக் கஷ்டமா..."

"ஆமா, ஆமா. என் வண்டி கிரில் வளைஞ்சிடுச்சு. இப்பவே கொண்டு வரேன், சொல்லிடு."

டொக்!

அரை மணி நேரத்தில் வண்டி பட்டறைக்குள் நுழைந்தது. டாக்டரே ஓட்டி வந்தார். இறங்கியதும் முதல் வேலையாக ஷட்டரைப் பாதி இறக்கினார். பிறகு முன்பக்கம் போர்த்தியிருந்த தார்ப்பாயை உருவினார்.

அறுபது வயதைத் தாண்டிய கறுப்புக் கார். மாஸ்டர் பதினைந்து வருஷமாக விலைக்குக் கேட்டு, டாக்டர் பதினைந்து வருஷமாகக் கையை விரித்த கார். அந்த வண்டிக்காக மாஸ்டர் எதையும் செய்வார். எதையும் என்றால்... எதையும்!

"ஐயையோ, என் ராசாத்தி!" மாஸ்டர் மண்டியிட்டுவிட்டார். "என்ன டாக்டர் இது? பல்லு மொத்தமும் போச்சே!"

"மாடு மாஸ்டர். திடீர்னு குறுக்கே வந்துடுச்சு."

மாஸ்டர் விரல்களால் கம்பிகளைத் தடவினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... ஐந்தாவதில் விரல் நின்றது. நுனி ஒடிந்திருந்தது.

"ஒடிஞ்ச துண்டு எங்க?"

"தெரியலை. ரோட்டுல எங்கயாவது விழுந்திருக்கும். புதுசா ஒரு கம்பி பண்ணிடுங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ, அவ்வளவு சீக்கிரம்."

மாஸ்டர் டார்ச் லைட்டை எடுத்து, கம்பிகளுக்குப் பின்னால் அடித்துப் பார்த்தார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர், ஒரு சந்தேகம்."

"என்ன?"

"மாடு ரெண்டு தடவையா குறுக்கே வந்துச்சு?"

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

"வளைஞ்ச கம்பியை எப்படி நிமிர்த்துவோம் தெரியுமா? கடைசியா விழுந்த அடியை முதல்ல எடுக்கணும். முதல் அடியைக் கடைசியா எடுக்கணும். மாத்தி எடுத்தா கம்பி படக்குனு போயிடும். அதனால எந்த அடி முந்தி, எந்த அடி பிந்தின்னு பார்க்காம நான் சுத்தியைத் தொடவே மாட்டேன்."

"அதுக்கு?"

"முதல் அடி மேல, நேரா உள்ளே. நின்னுட்டு இருந்ததை இடிச்சிருக்கீங்க. ரெண்டாவது அடி கீழ. ஏற்கெனவே மடங்கின கம்பி மேலயே மறுபடி மடிப்பு. விழுந்தது எழுந்திருக்கப் பார்த்திருக்கு. நீங்க பின்னால எடுத்து, திரும்ப வந்து..."

"உளறாதீங்க!"

மாஸ்டர் கம்பிச் சந்துக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ இழுத்தார். நீளமாக வந்தது. ஒரு முழ நீளம்.

முடி!

அடியில் வெள்ளை. மற்றபடி கருகருவென்று மினுமினுப்பு.

"மாடு முடிக்கு டை அடிக்குமா டாக்டர்?"

அவள் மெஷினுக்குப் பின்னால் கையில் துணியோடு அப்படியே நின்றாள்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அழுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பிரிஞ்சு போறேன்னா மாஸ்டர். போனா போகட்டும். வீடும் கிளினிக்கும் அவ பேர்ல. என்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போவாளாம்."

"சரி, ஏன் இந்த வண்டி? இன்னொரு புது வண்டி இருக்கே உங்ககிட்ட?"

"அது பிளாஸ்டிக்கு. அடிச்சா அதுதான் நசுங்கும்."

மாஸ்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்க மாட்டாள்.

"இவ்வளவு நல்ல வண்டிக்குப் போய் துரோகம் பண்ணிட்டீங்க. சரி, விடுங்க. நான் கை வெச்சா ஒரு அடி விழுந்த அடையாளம்கூட இருக்காது."

"உங்களுக்கு என்ன வேணும்?"

"உங்களுக்கே தெரியும்."

"வண்டியா?"

"வண்டி."

டாக்டர் மூன்று நிமிஷம் யோசித்தார். தூக்குக் கயிறா, காரா என்றால் எந்தப் பைத்தியக்காரன் காரைக் கட்டிக்கொண்டு அழுவான்?

வண்டியைப் பெயர் மாற்றிக் கொடுக்கும் கைமாற்றுப் பத்திரம் இரண்டு பிரதி மாஸ்டரின் மேஜையிலேயே இருந்தது. பழைய வண்டிகளை வாங்கி விற்கிறவர் ஆயிற்றே! மாஸ்டர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டு நீட்டினார். டாக்டரும் போட்டார். பக்கத்தில் தேதி எழுதப் போனார்.

"தேதி போடாதீங்க!" மாஸ்டர் பேனாவைப் பிடித்தார்.

"ஏன்?"

"எங்க தொழில்ல யாரும் தேதி போட மாட்டோம். போட்டுட்டா உடனே ஆபீசுல போய் நிக்கணும். சும்மா விட்டுட்டா, என்னிக்கு வசதியோ அன்னிக்குப் போட்டுக்கலாம். இருபது வருஷமா இப்படித்தான். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு."

"அப்படியா? ரொம்ப வசதிதான்," என்றார் டாக்டர். பத்திரத்தை மடித்துப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

போகும் முன் அந்த முடியைக் காட்டி, "அது?" என்றார்.

மாஸ்டர் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். ஒரு நொடி! கருகல் வாடை மட்டும் மிச்சம்.

டாக்டர் போனதும் அவள் வாயைத் திறந்தாள்.

"ஏங்க... ஒரு பொம்பளையை ரெண்டு தடவை இடிச்சிருக்கான். எழுந்திருக்கப் பார்த்தவளை! போலீஸுக்குச் சொல்லிடலாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? செத்தது மனுஷிங்க!"

"பொண்டாட்டி போனா இன்னொருத்தி கிடைப்பா. இந்த கிரில் கிடைக்குமா? இந்த மாதிரி இன்னொரு வண்டியைக் காட்டு பார்க்கலாம்!"

அவள் அழுதாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. மரச் சுத்தியை எடுத்து அவள் முகவாயில் வைத்து மெதுவாக நிமிர்த்தினார்.

"வாயைத் திறந்தேன்னு வை... ரோடு இருக்கு. வண்டி இப்ப என்கிட்ட இருக்கு. கிரில்லை நிமிர்த்தவும் எனக்குத் தெரியும். புரிஞ்சுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

அடுத்த ஐந்து நாள் மாஸ்டர் சோறு தண்ணி மறந்தார். கடைசி அடியை முதலில் எடுத்தார். முதல் அடியைக் கடைசியில் எடுத்தார். பித்தளையில் ஐந்தாவது கம்பியைப் புதிதாக அறுத்து, அராவி, பற்றவைத்தார். எல்லாவற்றையும் அவள்தான் தேய்த்தாள். இறந்தவளின் உடம்பில் பட்ட ஒவ்வொரு மடிப்பையும் தொட்டுத் தொட்டு, ராத்திரிச் சோறு இறங்காமல், தேய்த்துக்கொண்டே இருந்தாள். முலாம் பூசி வந்ததும் கிரில்லில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருந்தது.

ஆறாம் நாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஜீப் நின்றது.

இன்ஸ்பெக்டர் இறங்கினார். கூட இரண்டு கான்ஸ்டபிள்கள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கிரில்லுக்கு முன்னால் நின்று தொப்பியைக் கழற்றினார்.

"பிரமாதம் மாஸ்டர்! நீங்க பண்ணதா?"

மாஸ்டருக்கு நெஞ்சு ஒரு முழம் விரிந்தது. புகழ்ச்சி என்றால் மனிதர் காதை மட்டுமல்ல, மூளையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார்.

"நான்தான் சார். இதுல ஒரு கம்பி நான் புதுசா போட்டது. எதுன்னு உங்களால கண்டுபிடிக்கவே முடியாது!"

"நிஜமாவா?"

"கம்பெனிக்காரன் வந்தாலும் முடியாது சார்!"

இன்ஸ்பெக்டர் விரலை நீட்டினார்.

"அஞ்சாவது."

மாஸ்டர் அசந்துபோனார். "எப்படி சார்?"

"பழைய கம்பியோட நுனி என்கிட்டதானே இருக்கு! பின்பக்கம் அஞ்சுன்னு நம்பர் பொறிச்சிருக்கே!"

பாக்கெட்டிலிருந்து பாலித்தீன் கவர் வந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பளபளப்பான துண்டு!

"செத்துப்போன அம்மாவோட விலா எலும்புக்குள்ளேருந்து எடுத்தது. ரெண்டு தடவை இடிச்சிருக்குன்னு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் சொல்லுது. முதல் தடவை விபத்துன்னே வெச்சுக்குவோம். ரெண்டாவது தடவை எதுக்கு? உயிரோட விட்டா காட்டிக் கொடுத்துடுவாங்கன்னா?"

"சார்! நான் இல்லை சார்! இது அந்தப் பல் டாக்டர் வண்டி!"

"முதல்ல அவர்கிட்டதான் போனோம். வண்டியை உங்களுக்குக் கொடுத்துட்டாராமே?" இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை விரித்தார். "உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, ஆனா..."

"தேதி மூணு. அந்தம்மா செத்தது பத்தாம் தேதி. அன்னிக்கு வண்டி யாருது?"

மாஸ்டருக்கு உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. டாக்டர் தேதியை நிரப்பிவிட்டார்! எந்த நாள் வசதியோ, அந்த நாள்!

"அவன் அப்புறமா எழுதியிருக்கான் சார்! வண்டி இங்க வந்ததே பன்னிரண்டாம் தேதிதான்! பொண்டாட்டியைக் கொன்னுட்டு, ரிப்பேர் பண்ணக் கொண்டு வந்தான். கம்பியில ரெண்டு அடி இருந்துச்சு. முடிகூட இருந்துச்சு!"

"முடி எங்கே?"

"எரிச்சிட்டேன்."

"ரெண்டு அடி?"

"நிமிர்த்திட்டேன்."

"ரொம்ப சுத்தமான வேலை," என்றார் இன்ஸ்பெக்டர். "சரி, நீ சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம். அப்ப உனக்குத் தடயத்தை அழிச்ச குத்தம். மூணு வருஷம். உண்மை இல்லைன்னா கொலை. ஆயுள். எப்படி நிரூபிக்கப் போறே?"

"என் பிரதி இருக்கு சார்! அதுல தேதியே இல்லை! கையெழுத்துப் போட்டப்போ தேதி போடலைன்னு அதுலயே தெரியும். பாலீஷ்! உள்ளே டிராயர்ல அந்தப் பத்திரம் இருக்கு, கொண்டு வா! எல்லாத்துக்கும் இவ சாட்சி சார்!"

அவள் நகரவில்லை. மாஸ்டரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"மூணு வருஷம்தானா சார்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. பயப்படாதே. நல்லபடியா நடந்துகிட்டா ரெண்டு வருஷத்துலகூட வெளியே வந்துடலாம்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

டிராயர் திறக்கும் சத்தம். மூடும் சத்தம். மறுபடி திறக்கும் சத்தம்.

இரண்டு நிமிஷம் ஆனது. வந்தாள். பத்திரத்தை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள்.

படித்தவரின் புருவம் ஏறியது.

"தேதி இருக்கே! மூணாம் தேதி!"

"என்னது!" மாஸ்டர் பாய்ந்தார். கான்ஸ்டபிள்கள் ஆளுக்கு ஒரு தோளைப் பிடித்தார்கள்.

"இந்தத் தேதி யாரும்மா எழுதினது?"

"நான்தான் சார். இவருக்கு எழுத்து வேலைன்னாலே வேப்பங்காய். வண்டி வந்த அன்னிக்கே எழுதி வெச்சேன்."

"அப்ப வண்டி மூணாம் தேதியே வந்துடுச்சு?"

"வந்துடுச்சு சார். தினம் காலையில ஓட்டிப் பார்ப்பாரு. பத்தாம் தேதி திரும்பி வந்தப்ப முன்பக்கம் பூரா..." அவள் குரல் நடுங்கியது. நடுங்கியது மட்டும் நடிப்பில்லை. "வாயைத் திறந்தா உன்னையும் ரோட்டுல போட்டு ஏத்திடுவேன்னாரு சார்."

அதுவும் பொய்யில்லை!

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஏத்துங்கய்யா ஜீப்புல!"

விலங்கு மாட்டிய கையோடு மாஸ்டர் திமிறினார். ஜீப்பின் பின்கதவை அடைக்கும் முன், கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அடிப்பாவி! கொன்னவன் அவன்டி! உனக்கே தெரியும்டி! உண்மையைச் சொல்லுடி!"

அவள் கிட்டே வந்தாள். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"உண்மையைச் சொன்னா மூணே வருஷம்தாங்க. அப்புறம் வீட்டுக்கு வந்துடுவீங்களே!"

"அந்த டாக்டர் தப்பிச்சிடுவான்டி!"

"தப்பிச்சா தப்பிச்சிட்டுப் போறாரு. நான் என்ன அவரோடயா குடும்பம் நடத்தறேன்?"