கெட்டுப்போக மறுத்த நெய்

எழுபத்து நான்காம் வருஷத்து மழைக்காலம். வலியசாலைத் தெருவில் சேஷன் வீட்டுக்கு இரண்டு ஜாடிகளோடு வந்து நின்றாள் பக்கத்து வீட்டு விஜயம். கல்லூரிச் சோதனைக்கூடத்தில் சீந்தில் கொடியை ஆராய்பவள். நெய் காற்றுப் பட்டுக் கெடுவதைச் சீந்தில் சாறு தடுக்குமா என்று பார்க்க, ஒரே நெய்யை இரண்டு ஜாடிகளில் ஊற்றி, ஒன்றில் மட்டும் சாறு கலந்து, வாரக்கணக்கில் சூட்டுப் பெட்டியில் வைத்திருந்தாள். சாறு கலக்காதது காறல் வாடை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. உதவியாளர் வேலாயுதனின் விஷமம் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை வேலாயுதனுக்கு வேலை போய்விடும். சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சேஷன் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி, அலட்டிக்கொள்ளாத மனிதர். கூடவே உட்கார்ந்திருந்த அவருடைய சிநேகிதர், சாலைக் கடைவீதி தளவாய்க்கோ எதிலும் அவசரம். வேலாயுதன் ஜாடிகளை மாற்றிவிட்டான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்.

சேஷன் இரண்டையும் முகர்ந்தார்.

“மாத்தியிருந்தா ஒண்ணாவது கெட்டிருக்கணுமே, தளவாய்? சாறு கலந்தது பச்சையாக் கலங்கியிருக்கு. இது தெளிவா இருக்கு. ஜாடிக்கு வந்தப்புறம் இதுல யாரும் எதையும் கலக்கல.”

“பின்ன யாராக்கும் சாரே?”

சேஷன் நெய் எங்கே வாங்கியது என்று விஜயத்தைக் கேட்டார். வெண்ணெய் வாங்கித் தானே வீட்டில் உருக்கியதாகவும், வேறெதுவும் சேர்க்கவில்லை என்றும் அவள் சத்தியம் செய்தாள். அதேபோல் இன்னொரு தரம் உருக்கிக் காட்டச் சொன்னார்.

ஜாடிகளோடு மூவரும் போய் நின்ற அவள் வீட்டுச் சமையலறையில் வெண்ணெய் உருகி நுரை அடங்கியது. பேசிக்கொண்டே விஜயம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ஒரு கொத்து முருங்கையிலையைப் பறித்து வாணலியில் போட்டாள். அது படபடவென்று பொரிந்தது.

“என்னம்மா போட்டே?”

“முருங்கையிலை, மாமா. வெண்ணெய் உருக்கினா அதைப் போடாம எப்படி...”

அவள் கையிலிருந்த காம்பையும் வாணலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீ பொய் சொல்லல. அதைச் சேர்மானம்னே உனக்குத் தோணல. சீந்தில்ல நீ தேடினது இந்த இலையிலயும் இருக்கும்போல. சோதிச்சு நீதான் சொல்லணும்.”

விஜயம் சாறு கலக்காத ஜாடியைத் திறந்து மறுபடி முகர்ந்தாள். அத்தனை வாரச் சூட்டுக்குப் பிறகும் இப்போதுதான் இறக்கிய நெய்யின் மணம். ஒரு கைப்பிடி இலை, தினமும் பொரித்துத் தின்கிற இலை! தளவாய்க்கே உடம்பு சிலிர்த்தது. ஜன்னலுக்கு வெளியே மழையில் ஆடிய மரத்தை மூவரும் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அன்றே பேராசிரியரிடம் விஜயம் உண்மையைச் சொன்னாள். வேலாயுதனின் வேலை தப்பியது. பிறகு வேலாயுதன் எதிரில் போய் நின்று, தப்பு தன்னுடையது என்றாள்.

அவர் கோபப்படவில்லை. இத்தனை நாள் தன்னிடம் இருந்த சோதனைக்கூடத்துச் சாவியை எடுத்து அவள் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

“சந்தோஷம், அம்மா. ஆனா இது இனி உங்க கையிலயே இருக்கட்டும்.”