எட்டு மணி நேரப் பழைய ரத்தம்

கணவரின் ரத்தம் எட்டு மணி நேரம் பழையதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் தன் கையாலேயே குத்தி எடுத்து, நொடி தாமதிக்காமல் திரவ நைட்ரஜனில் அமிழ்த்திய ரத்தம் அது.

உடம்பை விட்டு வெளியே வந்தாலும் ரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்த அமிலம் ஏறியிருப்பதை வைத்து, உறையவைக்காமல் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று சொல்லிவிடலாம். ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷமாக அவள் பிழைப்பே அதுதான். ஆய்வுக்கு நோயில்லாத ஆள் வேண்டுமென்றபோது கணவரைத் தலையாட்ட வைத்ததும் அவள்தான்.

"வெளியில வச்சிட்டு அரட்டை அடிச்சீங்களாம்மா?" என்றார் ஆய்வுத் தலைவர்.

"இல்ல சார்."

"அப்ப மெஷினா பொய் சொல்லுது? இப்படியே வந்துச்சுன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

பதினோரு வருஷ உழைப்புக்கு இவ்வளவுதான் மரியாதை.

மறுநாள் முப்பத்திரண்டு மணி நேரம். அதற்கு மறுநாள் ஐம்பத்தாறு. அதே முறையில் தன் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு குறையும் இல்லை.

பின்னோக்கி எண்ணினாள். மூன்று கணக்கும் ஒரே இடத்தில் போய் நின்றன: திங்கட்கிழமை இரவு பத்து மணி. அன்று குளியலறையில் ஏதோ கனமாக விழுந்த சத்தம், பிறகு குழாய் சொட்டும் சத்தம், பிறகு எந்தச் சத்தமும் இல்லாத நீண்ட நேரம். அலுப்பில் அவள் எழுந்து பார்க்கவில்லை. கடைசியில் ஈரக் கால்கள் மெல்ல நடந்து வந்தன, கட்டில் ஒரு பக்கம் தாழ்ந்தது. விடிந்ததும் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றார். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

வெள்ளிக்கிழமை தலைவரே கணவரை வரவழைத்தார். பள்ளி விடுமுறை என்பதால் ஐந்து வயது மகளும் கூடவே வந்தாள். காலை பத்து மணிக்குத் தலைவர் தானே குத்தி, தானே உறையவைத்தார்.

"ஒழுங்கா செஞ்சா ஒழுங்கா வரும், பாருங்க."

கருவி முனகியது. நின்றது. தலைவர் தாளைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

எண்பத்து நான்கு.

"தப்பு உங்க மேல இல்லம்மா" என்றார். நாலு நாளாக அவள் கேட்க ஏங்கிய சொல். இப்போது அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கணவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மகள் தூங்கினாள். அவர் கை அவள் முதுகைச் சீராகத் தட்டிக்கொண்டிருந்தது.

ஒரு ஈ அவர் கண்ணில் உட்கார்ந்தது. திறந்த கண்ணில். கருவிழி மேல் மெதுவாக நடந்தது.

அவர் இமைக்கவில்லை. கை தட்டிக்கொண்டே இருந்தது.