மூன்று பேருக்கு நான்கு குரல்

1957, ஐப்பசி மழைக்காலம். பிற்பகல் மூன்று மணிக்கு, ஓசூர் ஏரிக்கரையை ஒட்டிய பழைய தானியக் கிடங்கின் முன் போலீஸ் வேன் வந்து நின்றது. சப்ஜெயிலில் இடமில்லாததால் அந்தக் கிடங்கைத்தான் காவலுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

ஏட்டு திம்மராயன் முதலில் இறங்கினார். பின்னால் வெங்கடப்பன் வாத்தியார், கங்கப்பன், நாராயணம்மா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வகுப்பை மூடாதே என்று தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்ததற்காகப் பிடிபட்டவர்கள்.

"ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருவாரு. இனிமே இப்படிக் கேக்கமாட்டோம்னு எழுதிக் குடுத்துட்டா வீட்டுக்குப் போலாம். இல்லன்னா சேலம் ஜெயிலுதான்" என்றார் ஏட்டு.

"எங்க புள்ளைங்க வூட்டுல பேசுற பேச்சுல படிக்கட்டும்னுதானே கேட்டோம் ஏட்டய்யா? இதுக்கு எப்படிக் கைநாட்டு வெக்கிறது?" என்றாள் நாராயணம்மா.

திம்மராயன் சாவிக்கொத்தை எடுத்தார். அவர் வீட்டிலும் தெலுங்குதான்.

உள்ளே வைத்துப் பூட்டினார். கிடங்கில் ஒரே ஒரு உயரச் சன்னல். மக்கிய கேழ்வரகின் வாடை. மழை விடாமல் ஓட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

ஆறு மணிக்குச் சற்று முன்பு ரிஜிஸ்டரோடு உள்ளே போய்ப் பெயர் கூப்பிட்டார்.

"வெங்கடப்பன்."

"உன்னானு." இருக்கிறேன் என்று தெலுங்கில்தான் பதில் சொல்வதென மூவரும் முடிவு செய்திருந்தார்கள்.

"கங்கப்பன்."

"உன்னானு."

"நாராயணம்மா."

"உன்னானு."

ரிஜிஸ்டரை மூடினார்.

"உன்னானு."

ஆண் குரல். வறண்ட தொண்டையிலிருந்து வந்த குரல். அது வந்த வடக்கு மூலையில் யாரும் இல்லை.

"யாருய்யா விளையாடறது?"

மூவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள். நாராயணம்மா கிசுகிசுத்தாள். "நாங்க இல்லீங்க. வந்ததுலேர்ந்து அந்த மூலையில மூச்சு வாங்குற சத்தம் கேக்குது."

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

திம்மராயன் தள்ளினார். அசையவில்லை. ஈர மண்ணின் நாற்றம் மெல்ல அவரை நெருங்கியது. கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"என் பேரையும் எழுது." அதே தெலுங்கு. அவர் அம்மா பேசிய அதே வட்டாரத் தெலுங்கு.

அவரும் தெலுங்கிலேயே கேட்டார்: "உன் பேரு என்ன?"

"மறந்து போச்சு."

பிறகு அழுகை. வளர்ந்த ஆண் ஒருவன் சத்தத்தை அடக்கி அழும் அழுகை.

"யாரும் கூப்பிடல. யாரும் எழுதல. இந்தப் பேச்சு மட்டுந்தான் மிச்சம்."

ஒரு குளிர்ந்த கை ஏட்டின் மணிக்கட்டைப் பிடித்தது. பென்சில் தானாக நகர்ந்தது. மூன்று பெயர்களுக்குக் கீழே ஒரு நீளமான கோடு. எழுத்தே இல்லாத கோடு.

கதவு திறந்துகொண்டது.

நால்வரும் வெளித் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தபோது இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. திம்மராயன் எல்லாவற்றையும் சொன்னார். "என்னைய மாத்தல் பண்ணுங்க சார், வேலைய விட்டே தூக்குங்க. இந்த ஆளுங்கள நான் மறுபடி அங்க வெச்சுப் பூட்டமாட்டேன்."

"பேயாம்!" இன்ஸ்பெக்டர் எரிச்சலோடு ரிஜிஸ்டரைப் பிடுங்கிக்கொண்டு தனியே உள்ளே போனார். உரக்கப் பெயர் கூப்பிட்டது வெளியே கேட்டது. வெங்கடப்பன். கங்கப்பன். நாராயணம்மா.

அப்புறம் எந்தச் சத்தமும் இல்லை.

வெளியே வந்தவரின் தொப்பி தலையில் இல்லை. யாரையும் பார்க்காமல், எழுதி வாங்க வைத்திருந்த காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நான்காகக் கிழித்தார்.

"வீட்டுக்குப் போங்க. கலெக்டருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

வாத்தியார் மட்டும் வாசலில் ஒரு நிமிடம் நின்றார். உள்ளே பார்த்து, "போய்ட்டு வரோம்பா" என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். மூவரும் மழையில் இறங்கி நடந்தார்கள்.

திம்மராயன் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டை எடுத்தார்.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.