பட்டில் வந்த நீர்நாய்

மேற்றிசை மலைகளின் தோள்மீது சாய்ந்துகொண்டிருந்த கதிரவன், குறும்பொறை நாட்டைத் தழுவி ஓடிய செம்பாற்றின் நீரில் குங்குமத்தைக் கரைத்துவிட்டு மறையும் வேளை. மருத மரங்கள் கவிந்து நிற்க, நாணல்கள் தலையசைக்க, கொக்குகள் வரிசையாய்க் கூடு திரும்ப, அந்த மனோகரமான மாலைப்பொழுதைச் சற்றும் ரசிக்க இயலாதவளாய், புதர் ஒன்றின் பின்னே கொசு அடித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண்.

அன்பார்ந்த வாசகர்களே, தலையில் முண்டாசும் கன்னத்தில் அவுரி நீலமும் மூக்கு நுனியில் மஞ்சளுமாக இருந்தவளைச் சித்திரக்காரி என்றுதான் எவரும் எண்ணுவர். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் குறும்பொறை அரையரின் ஒரே மகள், இளவரசி வீராணி நங்கை!

ஒவ்வொரு மனிதருக்கும் காட்டில் ஓர் உயிர்த்துணை விலங்கு உண்டென்பது அந்நாட்டார் நம்பிக்கை. பெண் கேட்டு வருபவன் ஆயுதமின்றி ஆற்றங்கரையில் தனியே அமர வேண்டும். முதலில் நீரருகே வரும் விலங்கே அவன் துணை. அதை அரண்மனைச் சித்திரக்காரி பட்டில் எழுதுவாள். சபையில் அவன் பட்டைப் பார்த்து, "இது நானே" என்று சொன்னால் திருமணம், மறுத்தால் இல்லை. அந்தச் சித்திரக்காரி எப்போதும் மணப்பெண்தான் என்ற ரகசியம் மட்டும் வெளிநாட்டாருக்குத் தெரியாது. முகம் பார்க்காமல் எவள்தான் கழுத்தை நீட்டுவாள்?

இம்முறை பெண் கேட்டு வந்தவன் வெண்கோட்டு இளவரசன் மதனவிடங்கன். வடக்கு எல்லையில் பகைவர் திரண்டிருக்க, அவனுடைய யானைப் படையை நம்பி அரையர் வாக்குக் கொடுத்துவிட்டார். அவன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் வீராணியால் தப்ப முடியாது.

கரையில் அமர்ந்திருந்த பொன்மகுடம் சூடிய இளைஞனிடம் சிங்கமும் வரவில்லை, புலியும் வரவில்லை. நீரைப் பிளந்துகொண்டு ஒரு நீர்நாய்தான் வந்தது. வந்ததும் அவன் காலடியில் ஒரு கெண்டையை வைத்தது.

"வாரும் ஐயா, வீட்டில் அனைவரும் சௌக்கியமா?" என்று அவன் நலம் விசாரித்தான்.

நீர்நாய் பதில் சொல்லாமல், அவன் கழற்றி வைத்திருந்த முத்துமாலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. அவனோ பட்டாடையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு துரத்தி, சேற்றில் தொபுக்கடீர் என்று விழுந்தான். புதருக்குப் பின்னிருந்து வெடித்த சிரிப்பை வீராணியால் அடக்க முடியவில்லை.

"சிங்கம் வரவில்லையே என்று தங்களுக்கு வருத்தமில்லையா?" என்றாள் வெளியே வந்து.

"சிங்கம் வந்திருந்தால் உன்னோடு பேசிக்கொண்டா இருப்பேன், பெண்ணே? அதன் வயிற்றுக்குள் அல்லவா இருந்திருப்பேன்!" என்றான் அவன், சேற்றைத் துடைத்தபடி.

கஞ்சியிட்டு விறைப்பேற்றிய பட்டில், அரக்குச் சிவப்பில் மாலை வானமும் கரியில் நீர்நாயின் ஒவ்வொரு மீசை மயிருமாக, தான் வரைந்தவற்றிலேயே அழகான சித்திரத்தை வீராணி எழுதி முடித்தாள். இளவரசர் இத்தனை நல்லவர் என்று எவரும் சொல்லவில்லையே!

பட்டு உலர்ந்தது. சபை கூடியது. முண்டாசோடு பட்டை ஏந்தி வந்த வீராணி, ஆசனத்தில் இருந்த மதனவிடங்கனைக் கண்டதும் திடுக்கிட்டாள். இவன் வேறு யாரோ! கரையில் கண்ட இளைஞனோ ஆசனத்துக்குப் பின்னால் தலைகுனிந்து நின்றான். அவன் யானைப்படைத் தலைவன் பூதன் சாத்தன் என்று அருகிலிருந்தோர் சொல்லக் கேட்டாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மீன் திருடித் தின்னும் ஜந்துவா நான்? சிங்கமாக மாற்றி எழுது!" என்று சீறினான் மதனவிடங்கன்.

"வந்ததைத்தான் எழுதலாம். மறுத்தால் மணமில்லை," என்றார் அரையர்.

குறும்பொறைக் கோட்டை கைக்கு வருமே என்று எண்ணி இளவரசன் சினத்தை அடக்கிக்கொண்டான். "ஆகட்டும். இது நா..."

"பிரபு!" என்று குறுக்கிட்டாள் வீராணி. "நீர்நாயிடம் சௌக்கியம் விசாரித்தீர்களே, அதையும் சபையோருக்குச் சொல்லட்டுமா?"

சபையில் சலசலப்பு.

"அது தங்கள் முத்துமாலையைப் பறித்ததையும்? முழங்கால் தெரியத் தாங்கள் துரத்தியதையும்?"

சபை சிரித்தது.

"சேற்றில் குப்புற விழுந்து, அம்மா என்று அலறியதையும்?"

இந்த அலறல் மட்டும் அவள் சொந்தச் சரக்கு. கிழ மந்திரி வாயில் மேலாடையைத் திணித்துக்கொண்டார். மதனவிடங்கன் துள்ளி எழுந்தான்.

"நானா விழுந்தேன்? விழுந்தவன் இந்த மடையன் சாத்தன்! முதலை நடமாடும் ஆற்றங்கரையில் உட்கார எனக்கென்ன பைத்தியமா? நான் கூடாரத்தில் உறங்கிக்கொண்டிருந்தேன்!"

சிரிப்பு சட்டென்று நின்றது. தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தபோது காலம் கடந்துவிட்டது.

"ஏமாற்றுக்காரருக்கு இங்கே பெண் இல்லை," என்று அரையர் எழுந்தார்.

"அப்படியானால் யானையும் இல்லை! சாத்தா, புறப்படு!"

சாத்தன் அசையவில்லை. "இளவரசே, யானைகள் என் குலத்துச் சொத்து. தங்கள் மகுடத்தைச் சூடி ஓர் அரசரை ஏமாற்ற நான் உடன்பட்டது தவறு. இனி உடன்படேன்."

தனியே வெளியேறிய மதனவிடங்கனை வழியனுப்பக்கூட ஒருவரும் எழவில்லை. அரையரின் கண்களோ சாளரத்துக்கு வெளியே நின்ற யானைகளை அன்போடு தடவின. "கரையில் அமர்ந்தவர் நீர். பட்டும் உமக்கே. என்ன சொல்கிறீர்?"

சாத்தன் பட்டிலிருந்த நீர்நாயைப் பார்த்தான். "இது நானே, ஐயமில்லை. யானைகளும் எல்லைக்கு வரும். ஆனால் அரையர் பொறுத்தருள வேண்டும், இளவரசி எனக்கு வேண்டாம். இதை எழுதிய பெண்ணை விட்டு இன்னொருத்தியை என் மனம் ஏற்காது. என் யானைகள்மேல் ஆணை!"

வீராணி மெல்ல முண்டாசை அவிழ்க்க, கருங்கூந்தல் சரிந்தது; அதனிடையே குறும்பொறை இளவரசியர் மட்டுமே சூடும் சூளாமணி பளிச்சிட்டது.

"ஐயா, இளவரசி வேண்டாம் என்று ஆணையிட்டீரே," என்றாள், கண்ணீரும் சிரிப்புமாக. "அதைத் திரும்பப் பெறுகிறீரா, அல்லது நான் முண்டாசைத் திரும்பக் கட்டிக்கொள்ளட்டுமா?"