பெயர் மாற்றும் மேஜையில் ஜாவ்தி

"அடுத்த எண்..."

ஜாவ்தி தலை நிமிர்ந்தாள். ஜூன் மாத மழையே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததுபோல் ஒருவன் நின்றிருந்தான். ஹெல்மெட் அழுத்தியதில் முடி ஒரு பக்கம் படிந்து, மறுபக்கம் குத்திட்டு நின்றது. மழைக்கோட்டிலிருந்து அவளுடைய மேஜை விளிம்பில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் நடுவில் இரண்டு கண்கள்... கழுவி வைத்த கறுப்புத் திராட்சைபோல.

'மேஜையைப் பார்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"பேர் மாத்தணும்" என்றான் அவன்.

தைவானின் தைனான் நகரக் குடும்பப் பதிவு அலுவலகத்தில் அந்த மேஜைக்கு வேலையே அதுதான். பழைய பெயரோடு வருவார்கள், புதிய பெயரோடு போவார்கள். ஜாவ்தி விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள்.

"பான் யூஹெங்... இனிமே பான் குவான்திங். சரிதானே?"

"ஆமா. அம்மா சொன்னாங்க."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"அம்மாவோட ஜோசியருக்குப் பிடிச்சிருக்கு. போதாதா?"

அவள் திரையைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது கடமை. ஆனாலும் குரல் கொஞ்சம் கூடுதலாகவே அக்கறைப்பட்டுவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம்.

"சார், நீங்க ஏற்கெனவே ரெண்டு தடவை மாத்தியிருக்கீங்க. இது மூணாவது. இதுக்கப்புறம் சட்டம் இடம் கொடுக்காது. கொஞ்சம் யோசிச்சுட்டு..."

"உங்க வேலை முத்திரை குத்துறதுதானே மேடம்? யோசிக்கிறதை நான் பாத்துக்கறேன்."

"யோசிச்ச மாதிரி தெரியலையே."

அவன் பதிலுக்கு எதையோ தேடினான். கண்கள் அலைந்து, மேஜையிலிருந்த பெயர்ப் பலகையில் நின்றன. லியாவ் ஜாவ்தி. உதட்டோரம் துடித்தது.

"இந்தப் பேரை வெச்சுக்கிட்டா இந்த சீட்ல உக்காந்திருக்கீங்க? முத்திரை கையிலேயே இருக்கு..."

ஜாவ்தி. 'தம்பியை அழைத்து வா' என்று பொருள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில், குழந்தைக்கு வைத்த பெயர் அல்ல அது... கடவுளுக்குப் போட்ட மனு. தம்பி வரவே இல்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது. பள்ளியில் பையன்கள் அவள் பின்னால் வரிசையாக நின்று, "அக்கா, கூப்பிட்டீங்களா?" என்பார்கள்.

அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அடுத்த எண்" என்றாள்.

அவன் நகராமல் நின்றான். சிரிப்பு எங்கோ போயிருந்தது. விண்ணப்பத்தை மெல்ல இழுத்துக்கொண்டான். "யோசிச்சுட்டே வரேன்..." என்று முணுமுணுத்து மழைக்குள் போனான்.

அன்று மாலை, மக்கள் கல்லூரியின் ஆங்கில வகுப்பில், அதே குத்திட்ட முடி அவளுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தது.

போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் வகுப்புக்குப் பணம் கட்டியாகிவிட்டது. பதவி உயர்வுத் தேர்வும் வருகிறது. அதெல்லாம் காரணங்கள். உண்மையில் அவளுக்கு ஓடிப் பழக்கமில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆளுக்கு ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார் ஆசிரியை வூ. கெவின், ஆமி, ஜேசன் என்று வரிசையாக வந்தது. அவன் முறை.

"டீச்சர், என்னை விட்டுடுங்க. பிறந்தப்போ ஒரு பேர். குளத்துல விழுந்தேன்னு இன்னொண்ணு. பரீட்சையில விழுந்தேன்னு இன்னொண்ணு. இனிமே எதுல விழுந்தாலும் பழைய பேரோடயே விழறேன்."

வகுப்பு சிரித்தது. ஜாவ்தியும் சிரித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தவன் அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டான்.

"நீங்க?" என்றார் ஆசிரியை அவளிடம்.

"ஜாவ்தி. அதுவே போதும் டீச்சர்."

"நல்லது. ரெண்டு பிடிவாதமும் ஒண்ணா உக்காருங்க."

அன்றைய பாடம் கரும்பலகையில் இரண்டே சொற்கள். ஆல்டர். டிரான்ஸ்ஃபார்ம். அகராதியில் இரண்டுக்கும் 'மாற்று' என்றுதான் போட்டிருந்தது. வித்தியாசத்தை அடுத்த வாரம் இருவர் இருவராகச் சொல்ல வேண்டும், சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணத்தோடு.

வகுப்பு முடிந்தும் மழை விடவில்லை. கடைகளின் முகப்புக் கூரைக்குக் கீழே இருவரும் நின்றார்கள்.

"மத்தியானம் சொன்னதுக்கு... மன்னிச்சிடுங்க" என்றான். "எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்."

"ஆல்டர் பண்ணிக்கலாமே."

அவன் சிரித்தான். கண்கள் முதலில் சிரித்தன... உதடு பின்னால் வந்தது. 'இதை நான் கவனித்திருக்கக் கூடாது' என்று நினைத்தாள் ஜாவ்தி. கவனித்துவிட்டாள்.

"அப்போ ஆல்டர்னா, பேண்ட் நீளத்தைக் குறைக்கிற மாதிரி. குறைச்சாலும் பேண்ட் பேண்ட்தான்" என்றான். "டிரான்ஸ்ஃபார்ம்னா, அதே பேண்டைப் பையாத் தைக்கிறது."

"அதுவும் வெளியிலேருந்து ஒருத்தர் வெட்டித் தைக்கிறதுதானே? எனக்கு என்னமோ... முழுசா வேற ஆகணும்னு தோணுது. ஆனா ஏன்னு சொல்லத் தெரியல."

"எங்க கடையில மீன் கஞ்சியாகுது. அது?"

"மீனைக் கேட்டாதான் தெரியும்."

அவனும் அவன் அம்மாவும் கோயில் பக்கத்தில் பால்மீன் கஞ்சிக் கடை நடத்துகிறார்கள். விடியுமுன் எழுந்து முள் எடுப்பது அவன் வேலை. ஆங்கிலம் எதற்கு என்று கேட்டாள். "வெளிநாட்டுக்காரங்க வந்து முள்ளைக் காட்டி என்னமோ கேக்கறாங்க. நான் சிரிச்சுட்டே தலையாட்டறேன். ஒருநாள் யாராவது கேஸ் போடுவாங்க."

மழைக்காலம் முடிந்தது. வகுப்பு முடிந்தால் ஒருநாள் பப்பாளிப் பால், ஒருநாள் கால்வாய்க்கரை. அவன் அவளை "மிஸ் லியாவ்" என்றே கூப்பிட்டான், வேண்டுமென்றே, குறும்பாக. மூன்றாவது விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவள் மேஜைக்கு அது திரும்பி வரவில்லை, அவ்வளவு தெரியும். அவன் வராத நாள்களில் வகுப்பறையில் விளக்கு மங்கலாக எரிவதாகப் பட்டது. விளக்கு அதேதான்... அவள் எண்ணிப் பார்த்தாள்.

ஆகஸ்டில் ஒரு மாலை, கால்வாய்க்கரையில் அவன் பேசாமல் நடந்தான்.

"என்ன ஆச்சு?"

"அம்மாகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன்."

அவள் நெஞ்சு ஒரு படி தவறிக் கீழே இறங்கியது. "ம்..."

"அவங்க உன் பேரை ஜோசியர்கிட்ட கொண்டுபோயிட்டாங்க. இந்தப் பேர் வீட்டுக்கு வந்தா பிறக்குறது எதுவும் தங்காதாம். எப்பவும் வேற யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்குமாம்." அவன் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான். "மூணு புதுப் பேர் எழுதிக் கொடுத்திருக்காரு. நல்ல பேருங்கதான். உனக்கு இது ஒண்ணும் பெரிசில்லையே... தினம் செய்யற வேலை. சின்னதா ஒரு மாத்தம்..."

ஜாவ்தி நின்றுவிட்டாள்.

"எனக்கே சின்னதா ஒரு முத்திரை. அப்படித்தானே?"

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா..."

"முத நாள் கிண்டலாச் சொன்னே. இன்னிக்கு அன்பாச் சொல்றே. ரெண்டும் ஒண்ணுதான்."

"அம்மா ஒத்தை ஆளா என்னை வளர்த்தவங்க, ஜா..." பெயரைப் பாதியில் விழுங்கினான்.

அந்தப் பாதிதான் அவளைச் சுட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் 'மிஸ் லியாவ்' குறும்பு மட்டும் இல்லை. அந்தப் பெயர் அவன் வாயிலும் கூசியிருக்கிறது.

"உன்னால அந்தப் பேரை முழுசாச் சொல்ல முடியுமான்னு முதல்ல பாரு" என்றாள். திரும்பி நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவான்?

அன்றிரவு ஒழுங்காக யோசிக்க முயன்றாள். பெயரா, அவனா? நான்தான் பிடிவாதம் பிடிக்கிறேனோ? வெறும் இரண்டு சீன எழுத்துக்காக ஒரு மனுஷனை... பதினெட்டு வயதில் அப்பாவே, "மாத்திக்கோம்மா, நாங்க தப்புப் பண்ணிட்டோம்" என்றபோதும் மறுத்தவள் அவள். ஏன் மறுத்தோம் என்று அப்போது தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவன் அவன் அல்ல; அவனுடைய அம்மா.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும் வழியில் கஞ்சிக் கடை முன் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

கடை நிறைந்திருந்தது. ஆவிக்குப் பின்னால் கைக்குட்டையைத் தலையில் கட்டிய அம்மாள், அகப்பையோடு நின்றார். பின்கட்டில் யூஹெங் மீன் கத்தியோடு குனிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கத்தி நின்றது.

"முதலாளியம்மா, ஒரு கஞ்சி. வறுத்த ரொட்டி சேர்த்து."

"மீன் வயிறு போடவா, முதுகா?"

"வயிறு. அப்புறம்... என் பேர் லியாவ் ஜாவ்தி."

அகப்பை பானைக்குள் அப்படியே நின்றது. அம்மாள் அவளை மேலிருந்து கீழே பார்த்தார்.

"பேரை மாத்த வந்தியா, சண்டை போட வந்தியா?"

"ரெண்டும் இல்லீங்க. சொல்லிட்டுப் போக வந்தேன். உங்க பையனை எனக்குப் பிடிக்கும். ஆனா பேரை மாத்த மாட்டேன்."

பக்கத்து மேஜையில் கஞ்சி உறிஞ்சும் சத்தம் நின்றது.

"பிடிவாதத்தால சோறு வேகாது, பொண்ணே" என்றார் அம்மாள். குரலில் கோபத்தைவிடக் களைப்பு அதிகம். "எங்க வீட்ல எனக்கு வெச்ச பேர் என்ன தெரியுமா? போங்சி. 'பிறந்து தொலைச்சிடுச்சு, கிடக்கட்டும்'னு அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னாடி மாத்தினேன். லீஹுவா ஆனேன். அதுக்கப்புறம்தான் நாலு பேர் மதிச்சாங்க. நான் கெட்டதா சொல்றேன்?"

ஜாவ்திக்குத் தயார் செய்துவந்த பேச்சில் பாதி மறந்துபோயிற்று. மிச்சத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கெட்டதுன்னு நான் சொல்லலம்மா. மாத்தறவங்க ஆயிரம் பேர் என் மேஜைக்கு வராங்க. சந்தோஷமாப் போறாங்க. ஆனா நான்... அந்தப் பேரை வெச்சப்போ என்னை யாருக்கும் வேணாம். நானும் மாத்திட்டா, அந்தக் கொழந்தையை நானும் வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதான் வெச்சிருக்கேன். ஸ்கூல்ல அந்தப் பேரைக் கேட்டா சிரிப்பாங்க. இப்ப என் ஆபீஸ்ல ஜாவ்தின்னா, வேலையைச் சரியா முடிக்கிறவள்னு அர்த்தம். எழுத்து ஒண்ணுகூட மாறல. அர்த்தத்தை நான் மாத்திட்டேன்." மூச்சு வாங்கினாள். "உங்க போங்சி... அவ எங்க போனா?"

அம்மாள் அகப்பையால் பானையைக் கிளறினார். கஞ்சி கொதித்தது. கடைசியில் பானையைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்க போவா... இந்தக் கஞ்சி வைக்கக் கத்துக்கிட்டது அவதான். முள்ளெடுக்கக் கத்துக்கிட்டதும் அவதான். லீஹுவாவுக்கு எல்லாம் தயாராக் கிடைச்சுது."

கிண்ணத்தை நிரப்பினார். மீன் வயிறு இரண்டு துண்டு கூடுதலாக விழுந்தது. டக்கென்று அவள் முன் வைத்தார்.

"ஆறிடும். சாப்பிடு. ஜோசியரை நான் பாத்துக்கறேன்... இன்னும் யோசிக்கணும், சரின்னு சொல்லிடல."

"சரிங்கம்மா."

யூஹெங் ஏப்ரனோடு முன்கட்டுக்கு வந்துவிட்டான். கையெல்லாம் மீன் செதில், காலை வெயிலில் மினுக்கியது. கண்கள் சிவந்திருந்தன. தூங்கவில்லை போலும்.

"அம்மா, அந்தக் குவான்திங் விண்ணப்பத்தை நான் அப்பவே கிழிச்சுட்டேன். உங்ககிட்ட சொல்ல தைரியம் வரல. எனக்கு வேற பேர் வேணாம்." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நேத்து நான் பேசினது அசிங்கம். உன்னைக் கொஞ்சம் வெட்டி, கொஞ்சம் தைச்சு, எங்க வீட்டு அளவுக்குக் கொண்டுவரலாம்னு பாத்தேன். ஆனா..."

"ஆனா?"

"அம்மா என் பேரை ரெண்டு தடவை மாத்தினாங்க. நான் அதே ஆளாத்தான் இருந்தேன். குளத்துல விழறவன், பரீட்சையில விழறவன். இந்த ரெண்டு மாசமா எவனும் என் பேரைத் தொடல... ஆள் வேற ஆயிட்டேன். அம்மாகிட்ட மறுபேச்சே பேசாதவன் இப்ப அவங்க முன்னாடி நின்னு பேசறேன் பாரு."

ஜாவ்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள்.

"யாரைப் பாத்துப் பேசறே? பேர் சொல்லிப் பேசு."

அவன் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டான். கடையே காத்திருந்தது.

"ஜாவ்தி..." முதல் தடவை முழுசாக வந்தது. கூசவில்லை. "ஜாவ்தி, எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. இப்ப இருக்கிற மாதிரியே."

அவள் முகமெல்லாம் சூடேறியது. கஞ்சி ஆவி என்று யாராவது நினைத்துக்கொள்ளட்டும். அடுப்புப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், பிறகு அவனை.

"சத்தமாச் சொல்லு. உங்க அம்மாவுக்குக் கேக்கல."

அவன் சத்தமாகவே சொன்னான்.