பின்வண்டி மாமா

நடுவட்டம் இறக்கத்தில் மூன்றாவது வளைவைத் தாண்டியபோதுதான் மருதாசலத்துக்கு உறைத்தது: பின்னால் கட்டி வந்த ஜீப் தள்ளவில்லை.

இறக்கத்தில் இழுபட்டு வரும் வண்டி முன்வண்டியை நெட்டித் தள்ள வேண்டும். அதுதான் அதன் குணம். மலையில் படுத்துவிட்ட வண்டிகளைப் பதினெட்டு வருடமாகக் கூடலூர் பட்டறைக்கு இழுத்துப் பிழைப்பவருக்கு இது தெரியாதா என்ன? இந்த ஜீப்போ ஆளில்லாமலே, யாரோ உட்கார்ந்து அளந்து அளந்து பிரேக் பிடிப்பதைப் போல, அவர் ஓட்டிய பிக்கப்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு வந்தது.

கட்டியதில் குறை இல்லை. காட்டுப் பாதைக்காக அரை அடி தூக்கிக் கட்டி, பெரிய சேற்று டயர் மாட்டிய ஜீப் அது. அப்படியே கோர்த்தால் இழுவைக் கம்பி சாய்ந்து நிற்கும். பிரேக் போட்டால் ஜீப் பிக்கப்பின் முதுகில் ஏறிவிடும். அதனால் பிக்கப்பின் கொக்கியை உயர்த்தி, ரசமட்டம் வைத்துக் கம்பியைச் சமப்படுத்தியிருந்தார். ஜீப்பின் மெயின் கியர், நாலு சக்கர கியர் இரண்டும் நியூட்ரலில். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவி போட்டிருந்தது. கம்பி விட்டாலும் தாங்கக் குறுக்கே இரண்டு சங்கிலி.

கிளம்பும்போது எஸ்டேட் வாட்ச்மேன் அழகையாதான் குடையும் கையுமாக நின்று கேட்டார்.

"பின்னால யாரு உக்காரப் போறது?"

"கயித்துல கட்டுனாத்தானுங்க ஆள் வேணும். கம்பிக்கு எதுக்குங்க? இழுபடற வண்டில ஆளே இருக்கக் கூடாதுங்க."

"அது ஆளில்லாமப் போவாதுங்க. போன மழைக்கு டிரைவர் விஜயன் இப்படித்தான் கட்டி இழுத்துட்டுப் போனாரு. வழியில எறங்கி ஜீப்பப் பாக்கப் போயிருக்காரு. ரெண்டு வண்டியும் ரோட்டோரம் நின்னுச்சு. ஆளை இன்னும் காணோம்."

மலையில் கதைக்கா பஞ்சம் என்று மருதாசலம் சிரித்துவிட்டுத்தான் வந்தார்.

இப்போது சிரிப்பு வரவில்லை. மணி நாலுதான். ஆனால் மஞ்சள் விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியாத மூடுபனி. தைல மரங்களிலிருந்து சொட்டும் நீர் தகரக் கூரையில் விட்டு விட்டுத் தட்டியது. ஈர மண் வாசனைக்கு அடியில், சூடேறிய பிரேக்கின் கருகல் நாற்றம் மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. பக்கத்து இருக்கையில் மகள் கனிஷ்கா. முதல் வகுப்பு. மழை லீவு விட்டிருந்தார்கள். மனைவி மாலதிக்கு ஃபேக்டரியில் வேலை. பிள்ளையை வீட்டில் தனியாக விட முடியாமல் கூட்டி வந்திருந்தார். அவள் முட்டி போட்டுப் பின்கண்ணாடி வழியாக யாருக்கோ கையாட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குக் கண்ணு டாட்டா காட்டற?"

"பின்வண்டி மாமாவுக்குங்ப்பா. அவரும் நம்மூட்டுக்கு வர்றாருங்களா?"

மருதாசலம் கண்ணாடியைப் பார்த்தார். பனி. ஜீப்பின் கறுத்த முகப்பு. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஜீப்புக்குப் பின்னால் பனி சிவந்திருந்தது. பிரேக் விளக்கு. அவர் கால் பிரேக்கில் இல்லை.

"அங்க யாரும் இல்ல கண்ணு. நேரா உக்காரு."

"இருக்காருங்ப்பா. கண்ணாடியப் போட்டுத் தட்டுறாரு. அழுவுறாரு."

மருதாசலம் வேகத்தைக் குறைத்தார். காதை மூடியிருந்த பச்சைக் குல்லாவைக் கழற்றி இருக்கையில் போட்டுவிட்டுக் கூர்ந்து கேட்டார். சேற்று டயர்களின் உறுமல். அதற்குள் வேறொன்று. தட். தட். தட்.

வயர் உரசியிருக்கும். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். இப்படியே ஓட்டினால் டயர் தீப்பிடிக்கும், பிள்ளை வேறு வண்டியில். ஓரங்கட்டினார். கை பிரேக்கை இழுத்தார். பிள்ளை பயப்படாமலிருக்க இன்ஜினை ஓடவிட்டார்.

"அப்பா இப்ப வந்தர்றேன். எறங்கக் கூடாது, செரியா?"

இறங்கிப் போய் ஜீப்பின் முன்சக்கரத்துக்கு ஒரு கல்லை அணை கொடுத்தார். ஜீப்பின் சக்கரம் கொதித்தது. டார்ச்சை உள்ளே அடித்தார். ஆளில்லை. ஆனால் பிரேக் மிதி தரையோடு அமுங்கியிருந்தது. அதைச் சுற்றி ஈரக் களிமண்.

மிதி மெல்ல எழுந்தது. கால் எடுத்தது போல.

ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பிரேக் மறுபடி பிடித்தால்? வீடு போய்ச் சேர வேண்டுமே. ஏணியில் ஏறுவதைப் போல அந்த உயரமான ஜீப்பில் தொற்றி ஏறி, மிதியைக் கையால் அசைத்துப் பார்த்தார். லேசாக இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

கைப்பிடி சுழன்றது. திறக்கவில்லை. அந்தப் பக்கமும் அப்படியே. முன்னால், பிக்கப்பின் கை பிரேக் விடுபடும் சத்தம். அவருக்குப் பழகிய சத்தம். கம்பி இறுகியது. அவர் வைத்த கல்லின் மேலேயே ஜீப் ஏறி இறங்கியது.

"கண்ணு! கனிஷ்கா!"

பிரேக்கை மிதித்தார். இன்ஜின் ஓடாத வண்டியின் பிரேக் கல்லாக இறுகியிருந்தது. இரண்டு காலாலும் மிதித்தார். வேகம் கொஞ்சம் குறைந்தது. நிற்கவில்லை. பின்னால் பனி சிவந்தது. கருகல் நாற்றம். உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினார். தட். தட். தட். அழுதார்.

பிக்கப்பின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலை தெரிந்தது; அதில் அவர் கழற்றிப் போட்ட பச்சைக் குல்லா.

கனிஷ்கா முட்டி போட்டுத் திரும்பினாள். அவரை நேராகப் பார்த்தாள். சிரித்தாள். பின்வண்டி மாமாவுக்குக் கையாட்டினாள்.

பிறகு குல்லாக்காரனின் தோளில் சாய்ந்துகொண்டாள்.