அசையாக் கோப்பு

தன் கல்யாணச் சாப்பாட்டில் பாயசம் இருந்ததா என்று தெரிய வேண்டுமானால், ரொசாரியோ மனைவியைத்தான் கேட்க வேண்டும். கல்யாணம் அவள் பங்குக்குப் போய்விட்டது. நல்ல நாளில் இரண்டு வகைப் பாயசம் என்பாள்; சண்டை போட்ட நாளில், "உங்க வீட்டு ஆளுங்களா? ஒரு பருக்கை சேமியா கண்ணுல காட்டல" என்பாள். ரொசாரியோ இரண்டுக்கும் தலையாட்டுவான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

தூத்துக்குடியில் அந்த வருஷம் வீட்டுக்கு வீடு இதே கூத்துதான். மறதிக் காய்ச்சல் வந்து போன பிறகு, மனிதர்கள் காதுக்குப் பின்னால் பொருத்திய நினைவுத்தட்டில்தான் பிழைத்துக் கிடக்கிறார்கள். நடப்பது, பேசுவது, கூட்டிக் கழிப்பது எல்லாம் அதிலுள்ள இயங்குதளத்தின் வேலை. மிச்ச இடம் நினைவுகளுக்கு. பழைய தட்டுகள் பெரியவை, ஆனால் தேய்ந்துவிட்டன. புதியவை சின்னவை, பெரிதாகச் செய்ய உலகத்தில் சரக்கு இல்லை. அதனால் வந்தது ஒற்றைப்படி விதி. புருஷன், பெண்டாட்டி இருவரிடமும் இருக்கும் நினைவு இனி ஒருவரிடம் மட்டும். இன்னொருவர் கேட்டால், வைத்திருப்பவர் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் ஆள் வாயைத் திறக்கக் கூடாது. பாயச விஷயத்தில் மட்டும் சட்டம் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளும்.

ரொசாரியோவின் அடுத்த வீட்டுத் தொபியாஸும் அவன் மனைவி கித்தேரியும் பங்கு பிரிப்பதில் சண்டையே போடவில்லை. கல்யாணம், மகள் பிறந்தது, முதன்முதலில் வாங்கிய வள்ளம் என்று அவன் கேட்டதற்கெல்லாம், அவள் சுவரைப் பார்த்து "உங்க இஷ்டம்" என்றாள். அவள் அவன் முகத்தைப் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. சோறு நேரத்துக்கு வரும், துணி துவைத்து மடித்து வரும். பார்வை மட்டும் வராது. காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தான்.

தட்டு மாற்றும் பெயர்ப்பு நிலையத்தில் நஸ்ரீன் என்ற பெண் கித்தேரியைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துக் கம்பியை மாட்டினாள். முதலில் பழைய தட்டைச் சுருக்க வேண்டும். சின்னத் தட்டின் அளவுக்குள் எல்லாம் ஒடுங்கிய பிறகுதான் ஆளை அங்கே மாற்ற முடியும். பாதி வரை ஒழுங்காகச் சுருங்கிக்கொண்டு வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"ஒரு ஃபைல் நகர மாட்டேங்குது அண்ணாச்சி," என்றாள் நஸ்ரீன். "சின்னதுதான். ஆனா தட்டோட கடைசி ஓரத்துல போயி உக்காந்திருக்கு. அது நகராம ஓரத்தை வெட்ட முடியாது."

"ஏன் நகராது?"

"எப்பவும் திறந்தே இருக்கு. அக்கா இதை மூடுறதே இல்ல போல. புழக்கத்துல இருக்குற ஃபைலை மெஷின் தொடாது." திரையைப் பார்த்தாள். "பேரு ரோமால்ட்னு காட்டுது. உங்ககிட்டயும் இதே ஃபைல் இருக்கு."

ரோமால்ட் கித்தேரியின் தம்பி. தாயில்லாப் பிள்ளையை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். ஒரு நாள் மச்சானும் மச்சினனும் வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். வானம் கறுத்தது. "திரும்பிருவோம் மச்சான்" என்றான் ரோமால்ட். "இன்னும் ஒரு வலை போட்டுட்டுப் போவோம்" என்றான் தொபியாஸ். வள்ளம் கவிழ்ந்தது. கரைக்கு ஒருவன்தான் வந்தான். அதற்குப் பிறகு கித்தேரி தம்பியின் படத்தைக்கூட வீட்டில் மாட்டவில்லை.

"அக்காவ முழுசா நிறுத்திட்டு, வெளியிலேருந்து இதை எடுத்திரலாம். ஆனா அப்புறம் யாராவது ஒருத்தர்கிட்டதான் இருக்கும். யாருகிட்ட வைக்க?"

"அவரே சொல்லட்டும்," என்றாள் கித்தேரி, கூரையைப் பார்த்து.

"எங்கிட்டயே இருக்கட்டும்," என்றான் தொபியாஸ்.

கேட்பதற்குப் பெருந்தன்மையாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த ஆசை வேறு. அவளிடமிருந்து இது போனால், தன் மேல் உள்ள வெறுப்பும் போய்விடும். அவனுக்குப் பழைய கித்தேரி வேண்டும். அவ்வளவுதான்.

"இதோட ஒட்டுனது எல்லாம் சேர்ந்து வந்துரும் அண்ணாச்சி. அக்காவோட நினைவும் உங்களதுல தைச்சு ஒண்ணாயிரும். யோசிச்சிட்டீயளா?"

யோசித்துவிட்டதாகச் சொன்னான். யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே கித்தேரி அவன் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தாள். "என்னங்க, பொத்தானை மாத்திப் போட்டிருக்கீய. இப்படியேவா ஊரு முழுக்க வந்தீய?" கிட்டே வந்து அவளே சரிசெய்தாள். அந்த வாரம் முழுவதும் தொபியாஸ் புது மாப்பிள்ளை மாதிரி திரிந்தான். ரொசாரியோகூடக் கேலி செய்தான்.

ரோமால்டின் நினைவை அவன் சில நாள் தொடவேயில்லை. ஒரு மத்தியானம், அவள் கடைக்குப் போயிருந்தபோது, பழக்கதோஷத்தில் திறந்தான். கடல், வலை, கவிழ்ந்த வள்ளம் எல்லாம் அவன் அறிந்ததுதான். கரை வந்ததும் காட்சி மாறியது. இப்போது அவன் கித்தேரியின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடுகிறாள். "ஒரு ஆளு போயிட்டான்" என்று யாரோ சொல்கிறார்கள். யார் என்று சொல்லவில்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு தொபியாஸ் நடந்து வருகிறான். அவன் முகத்தைக் கண்டதும் அவள் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. அப்பாடா, இவரு இல்ல. அதற்குப் பிறகுதான் தம்பி நினைவுக்கு வருகிறான்.

அவள் திறந்தே வைத்திருந்தது அந்த அப்பாடாவைத்தான். புருஷன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது எழும்பும். தான் வளர்த்த பிள்ளை செத்த நேரத்தில் தனக்கு நிம்மதி வந்ததே என்று கூசிப்போவாள். வெறுப்பு என்று அதில் ஒரு துளி இல்லை. தொபியாஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதான். இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்து ஒரு வார்த்தை கேட்காமல் போனோமே என்று அழுதான்.

கித்தேரி கூடையோடு உள்ளே வந்தாள். "கிறிஸ்மஸ் வருதேன்னு ரோமால்டுக்கு ஒரு சட்டை எடுத்தேன். கழுத்தளவு சரியாத் தெரியல. அவன் எங்க இருக்கான் இப்ப? அந்த இடம் எனக்கு வெறுமையா இருக்கு, உங்க பங்குலதான் இருக்கணும். சொல்லுங்க."

தம்பி செத்த நினைவும் அவளைவிட்டுத் தன்னிடம் வந்துவிட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துபாய்க்குப் போயிருக்கிறான் என்று சொல்லலாம். அவள் நம்புவாள், நாளைக்கும் பொத்தானைச் சரிசெய்வாள். சட்டம் கிடக்கட்டும், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவள் கையில் அந்தச் சட்டை இருந்தது.

"உக்காரு கித்தேரி," என்றான். "வள்ளம் கவிழ்ந்துட்டு. நானும் ரோமால்டும்தான் போனோம்..."

கூடை விழுந்தது. அவள் பாய்ந்து வந்து அவன் தோளை, கையை, முகத்தைத் தடவினாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?"

கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவளுக்கே கேட்டது. கைகள் இறங்கின. பார்வை அவன் முகத்தைவிட்டு நழுவிச் சுவருக்குப் போனது.

"ரோமால்ட் போயிட்டான். இன்னொரு வலைன்னு சொன்னது நான்தான்," என்றான் தொபியாஸ். "நீ என்னைப் பத்தி முதல்ல கேட்டது தப்பில்ல. அங்க பாக்காத, என்னைப் பாரு."

அவள் சுவரிடமே கேட்டாள்: "இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் செஞ்சனா?"

கேட்டால் சொல்லியாக வேண்டும். "ஆமா."

"எத்தன வருஷம் உங்க முகத்தைப் பாக்காம இருந்தேன்?"

சொன்னான்.

கித்தேரி மெல்லத் திரும்பினாள். தம்பிக்கான அழுகை அப்போதுதான் வந்தது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.